பொருள்: மறுமொழி: நோயெதிர்ப்பு ஒடுக்கலா, மட்டுறுத்தலா?

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

> இம்யூனோமாடுலேஷனுக்கு ‘நோயெதிர்ப்பு ஒடுக்கல்’ போதுமே.

இம்யூனோமாடுலேஷன் என்பது உடலின் நோயெதிர்ப்பைக் கூட்டியோ குறைத்தோ நெறிப்படுத்துவது. அதற்குத் தமிழ்ச்சொல்லாக ‘ஒடுக்கல்’ போதாது என்றே கருதுகிறேன். ஸ்டீராய்டு மருந்துகளின் செயலுக்கு ‘ஒடுக்கல்’ பொருந்தும். சிரைவழியே ஏற்றப்படும் இம்யூனோகுளோபுலினுக்குப் பொருந்தாது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட கொடையாளர்களின் பிளாஸ்மாவிலிருந்து பிரித்தெடுக்கப்படும் இந்த எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி), பிறவியிலேயே எதிர்ப்பொருள் சுரக்காத குழந்தைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.4 முதல் 0.6 கிராம் வரை மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறை ஏற்றப்படும்போது தொற்றிலிருந்து காக்கிறது. அதுவே, குழந்தைகளின் குருதி நாளங்களில் அழற்சி உண்டாக்கும் கவாசாகி நோயில் கிலோவுக்கு 2 கிராம் என ஒரே தவணையில், பத்துப் பன்னிரண்டு மணி நேரம் சொட்டுச் சொட்டாக இறங்கும்போது, இதயத் தமனிகளின் அழற்சியைத் தணிக்கிறது. காக்கவும் தணிக்கவும் செய்யும் ஒன்றை ‘ஒடுக்கி’ என்று எப்படி அழைப்பது?

உயிரணு அளவில் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். 1981-இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் பால் இம்பாக் குழுவினர், குருதி உறைய உதவும் தட்டணுக்கள் குறைந்த குழந்தைகளுக்கு இதனை ஏற்றியபோது தட்டணுக்கள் சில நாள்களிலேயே உயர்ந்தன. அந்நோயில், தன்னெதிர்ப்பொருள் (சொந்த அணுக்களையே தாக்கும் எதிர்ப்பொருள்) ஒட்டிய தட்டணுக்களை மண்ணீரலின் பெருவிழுங்கிகள் (அயற்பொருள்களை விழுங்கும் அணுக்கள்) விழுங்கிவிடுகின்றன. ஏற்றப்பட்ட எதிர்ப்பொருள், பெருவிழுங்கிகளில் எதிர்ப்பொருளைப் பற்றும் ஏற்பிகளில் அமர்ந்துகொள்வதால் விழுங்குவது குறைகிறது. குருதி நாளங்களின் உட்சுவரில் எதிர்ப்பொருளைச் சிதையாமல் மீட்டுத் தரும் ஏற்பிகளும் நிரம்பிவிடுவதால், கேடு செய்யும் தன்னெதிர்ப்பொருள் விரைவில் அழிகிறது. இவை குறைத்தல்கள்தாம். ஆனால் அழற்சியை அடக்கும் டி அணுக்கள் (ஒருவகை வெள்ளையணுக்கள்) இச்சிகிச்சைக்குப் பின் பெருகுவதும் நோயாளிகளிடம் காணப்பட்டுள்ளது. பெருகுவதை ஒடுக்கல் என்ற சொல்லுக்குள் அடக்க முடியாது.

மாடுலேஷனுக்கு முன்மொழியப்பட்ட ‘பண்பேற்றம்’ வானொலி அலைக்கு உரிய இயற்பியல் சொல்; அதை அங்கேயே விட்டுவிடலாம். ‘மட்டுப்படுத்தல்’ குறைப்பதை மட்டுமே சுட்டும்.

என் பரிந்துரை ‘நோயெதிர்ப்பு மட்டுறுத்தல்’. மட்டு என்பது அளவு. கூடினாலும் குறைந்தாலும் உரிய அளவில் நிறுத்துவது மட்டுறுத்தல். (நம் மடற்குழுவின் மட்டுறுத்துநரும் எல்லா மடல்களையும் தடுப்பவர் அல்லரே!) அவ்வாறு செயற்படும் மருந்து ‘மட்டுறுத்தி’ ஆகும்.

இம்யூனோகுளோபுலின் ஏற்றும் சிகிச்சைக்கு, குருதியேற்றம் என்பதை ஒட்டி ‘எதிர்ப்பொருளேற்றம்’ எனலாம். ‘செலுத்தல்’ ஊசிக்கும் வழங்குவதால் குழப்பம் தரும். எதிர்ப்பொருளுக்கு இலங்கை நண்பர்கள் ‘பிறபொருளெதிரி’ என்பதையே வைத்துக்கொள்வதில் தடையில்லை. ‘பிறபொருளெதிரியேற்றம்’ சற்று நீளம், அவ்வளவே. மாற்றுக் கருத்து இருப்பின் எழுதுங்கள்.