வள்ளி திருமணம்: தர்க்கக் காட்சிக்கு உதவி வேண்டும்

அனைவருக்கும் வணக்கம். வைகாசித் திருவிழாவுக்கு எங்கள் ஊர்க்காரர்களே சேர்ந்து சங்கரதாஸ் சுவாமிகளின் 'வள்ளி திருமணம்' நாடகம் போடுகிறோம். எனக்கு வேலன் வேடம். சிறுவயதிலிருந்து ஏங்கிய வேடம்.

தினமும் இரவு கோயில் திண்ணையில் ஒத்திகை. சிக்கல் தர்க்கத்தில்தான், அதாவது வேலனும் வள்ளியும் பாட்டாலேயே வாதாடும் காட்சியில். வள்ளியாக வரும் அக்கா தொழில்முறைக் கலைஞர். 5 கட்டைச் சுருதியில் கணீரென்று பாடுகிறார். எனக்கு அதைவிடத் தாழ்ந்த 1 கட்டைதான் வசதி. அவர் முடித்த கையோடு அதே கட்டையில் பதில் பாட்டை எடுக்கிறேன். மேல் சட்ஜமத்தை (மேல் 'ச'வை) தொடும்போது கழுத்து நரம்பு புடைத்துக் குரல் கிழிந்துவிடுகிறது. கட்டையை மாற்றித் தருவதாக ஆர்மோனியக்காரர் சொல்கிறார். நடுவில் சுருதி மாறினால் வாதத்தின் சூடு ஆறிவிடும் என்று எனக்கு மனம் ஒப்பவில்லை.

மேடை ஏறிப் பழகியவர்கள் சொல்லுங்கள்: மத்திமச் சுருதியில், அதாவது அவர் சுருதியின் 'ம'வையே என் 'ச'வாக வைத்துப் பாடினால் எடுபடுமா? இரவு 10 மணிக்குத் தொடங்கினால் தர்க்கம் வர விடியற்காலை 3 மணி ஆகிவிடும். அதுவரை தொண்டையை எப்படிக் காப்பது? சுக்கு, மிளகு, அதிமதுரம் எல்லாம் பார்த்துவிட்டேன்.

இன்னொன்று. எங்களிடம் இருப்பது தாத்தா காலத்துக் கையெழுத்து நோட்டு. தர்க்கப் பக்கங்களில் பாதியைக் கரையான் அரித்துவிட்டது. அச்சுப் பிரதி வைத்திருப்பவர்கள் அந்தப் பக்கங்களை மட்டும் படமெடுத்து அனுப்பினால் பேருதவியாக இருக்கும்.