கோரிமேடு தெரு, ஜிப்மர் ஆஸ்பத்திரி வார்டில் துணைக்கு இருப்போர் குழு

மாடி வீட்டு அக்கா, காலை 7:05
ஜிப்மரிலிருந்து இப்போதுதான் வந்தேன். பனையிலிருந்து விழுந்த அந்தத் திண்டிவனத்து அண்ணனுக்கு இன்றோடு 47 நாள். அவர் பரவாயில்லை. அவர் சம்சாரத்தைப் பார்த்துத்தான் மனசு ஆறவில்லை. தலை சீவி எத்தனை நாள் ஆயிற்றோ! கட்டிலுக்குப் பக்கத்தில் பாய் விரித்து, முந்தானை நுனியை அவர் விரலில் சுற்றிவிட்டுத்தான் படுக்கிறாள். அவர் இழுத்தால் எழுந்துகொள்வாளாம்.

மளிகை அண்ணாச்சி
குளிக்கவாவது எங்கள் வீட்டுக்கு அனுப்பி வையுங்கள் அக்கா. வெந்நீர் போட்டு வைக்கிறோம்.

மாடி வீட்டு அக்கா
கூப்பிட்டேன் அண்ணாச்சி. 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், நான் போய்விட்டால் யார் ஞாபகமாகக் கூப்பிடுவார்கள் என்கிறாள்.

சிஸ்டர் அம்மா
அவள் பயம் நியாயம்தான். அவருக்கு முதுகுத்தண்டில் அடி. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. வலிக்காததால் புண் வருவதே தெரியாது. வால் எலும்பு, இடுப்பு, குதிகால் மூன்றையும் தினம் பார்க்க வேண்டும். சிவந்த இடத்தை விரலால் அழுத்தினால் வெளுத்து, பிறகு சிவக்க வேண்டும். வெளுக்கவே இல்லையா, படுக்கைப்புண் ஆரம்பம். உடனே டியூட்டி நர்ஸிடம் சொல்லுங்கள். அங்கே எண்ணெய் போட்டுத் தேய்க்கவே கூடாது, உள்சதை இன்னும் கெடும். நல்லது என்று நினைத்து நிறைய பேர் தேய்த்துவிடுகிறார்கள்.

காலேஜ் தம்பி
நானே பிடித்துப் புரட்டலாமா அம்மா?

சிஸ்டர் அம்மா
வேண்டாம் கண்ணு. தலை, தோள், இடுப்பு எல்லாம் ஒன்றாகத் திரும்ப வேண்டும், முதுகு முறுக்கக் கூடாது. பழகியவர்கள் மூன்று நாலு பேர் சேர்ந்து செய்வது. நீ மணி பார்த்து நர்ஸைக் கூப்பிடு, அது போதும்.

காலேஜ் தம்பி
சரி அம்மா. சாயங்காலம் 4 மணியிலிருந்து நான் இருக்கிறேன். போன தடவை பேப்பர் படித்துக் காட்டினேன். சினிமா வேண்டாம் என்றுவிட்டார். மழை எந்த ஊரில் பெய்தது என்பதை மட்டும் இரண்டு தடவை படிக்கச் சொன்னார். ஊரில் ஒரு காணி மல்லாட்டை (வேர்க்கடலை) பிடுங்காமல் கிடக்கிறதாம்.

கடைசி வீட்டு அண்ணன்
🚫 இந்தச் செய்தி நீக்கப்பட்டது

சிஸ்டர் அம்மா
படத்தை நீக்கிவிட்டீர்கள், நன்றி தம்பி. படுத்திருப்பவர் முகம் யார் போனுக்கும் போக வேண்டாம். அப்புறம், சளி, இருமல் இருக்கிறவர்கள் இந்த வாரம் வார்டுப் பக்கம் வராதீர்கள்.

பேங்க் மாமா
வியாழக்கிழமை அவருக்குத் தொடையில் ஆபரேஷன். 2 யூனிட் ரத்தம் கேட்டிருக்கிறார்கள். எனக்கு 65 தாண்டிவிட்டது, எடுக்க மாட்டார்கள்.

காலேஜ் தம்பி
நான் போன மாசம்தான் கொடுத்தேன் மாமா.

சிஸ்டர் அம்மா
அப்படியானால் 3 மாதம் ஆக வேண்டும்.

மளிகை அண்ணாச்சி
என் பையன்கள் இரண்டு பேரும் வருவார்கள்.

மாடி வீட்டு அக்கா, மாலை 4:20
தம்பி வந்ததும் அவளை ஒரு வழியாகக் கிளப்பிவிட்டேன். லிப்ட் வரைக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

மளிகை அண்ணாச்சி, மாலை 5:50
குளித்துவிட்டு, தலை துவட்டிக்கொண்டே திண்ணையில் சாய்ந்த பிள்ளை அப்படியே தூங்கிவிட்டது. ஆறு மணிக்கு எழுப்பச் சொல்லியிருந்தது. எழுப்பட்டுமா?

காலேஜ் தம்பி
வேண்டாம் அண்ணாச்சி. 5:30-க்குப் புரட்டியாயிற்று. குதிகாலில் சிவப்பு இல்லை. அடுத்தது 7:30.

சிஸ்டர் அம்மா
7:30-க்கு நான் அங்கே இருக்கிறேன்.