மேலூர் பக்கத்து மலைகளைப் பற்றி வலைப்பூ எழுதுகிறேன், தேடினால் வருவதே இல்லை. உதவுங்கள்

மேலூர்_மலையன்:

எல்லோருக்கும் வணக்கம். மேலூரில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை வண்டியை எடுத்துக்கொண்டு சுற்றுவட்டார மலைகளுக்குப் போய்விடுவேன். மாங்குளம், அரிட்டாபட்டி, கீழவளவு, திருவாதவூர் என்று சமணத் துறவிகளுக்காகப் பாறையில் வெட்டிய படுக்கையும், தமிழி என்கிற பழந்தமிழ் எழுத்தில் வெட்டிய கல்வெட்டும் இருக்கிற இடங்களைப் பற்றி, பிளாக்கர் என்கிற கூகுளின் இலவச வலைப்பூ சேவையில் எழுதி வருகிறேன்.

ஊர்ப் பெயரைப் போட்டுத் தேடினாலும் என் பதிவு கண்ணில் படுவதில்லை. நம் பக்கம் கூகுள் தேடலில் சேர்ந்ததா என்று காட்டும் சர்ச் கன்சோலில் பார்த்தால் பாதிப் பதிவுகளுக்கு 'கண்டறியப்பட்டது, இன்னும் சேர்க்கப்படவில்லை' என்று நிற்கிறது. நான் ரொம்ப ஆசைப்பட்டு எழுதியது மாங்குளம் பதிவு. 'கல்லில் உறைந்த காலம்' என்று தலைப்பு வைத்தேன். அதைப் படிக்க உறவினர்களைத் தவிர யாரும் வந்த மாதிரி தெரியவில்லை. கிராமத்தில் சிக்னல் குறைவு என்பதால் படங்கள் திறக்கவே நேரமாகிறது என்கிறார்கள். போதாததற்கு, நான் எடுத்த படங்களை இணையத்தில் ஒரு ஊர்ப் பக்கம் என் பெயர்கூடப் போடாமல் எடுத்துப் போட்டுக்கொண்டது. வீட்டில் 'இதில் காசு வருமா' என்று கேட்கிறார்கள். எங்கிருந்து சரிசெய்ய ஆரம்பிப்பது?

திருநகர்_வாசி:

தம்பி, முதலில் அந்த 'கண்டறியப்பட்டது' விஷயம். அப்படியென்றால் பக்கம் இருப்பது கூகுளுக்குத் தெரியும், ஆனால் இன்னும் வந்து படிக்கவில்லை என்று பொருள். படித்த பிறகும் சேர்க்காமல் விட்டால் வேறு வாசகம் காட்டும். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். புது வலைப்பூவுக்கு, அதுவும் வெளியிலிருந்து யாருமே இணைப்புக் கொடுக்காத வலைப்பூவுக்கு, இது சகஜம். தளவரைபடத்தை, அதாவது உங்கள் பக்கங்களின் பட்டியலை, சர்ச் கன்சோலில் ஒருமுறை சமர்ப்பித்துவிடுங்கள். மாங்குளம் பதிவிலிருந்து அரிட்டாபட்டிக்கும், அங்கிருந்து கீழவளவுக்கும் உள்ளுக்குள்ளேயே இணைப்புக் கொடுங்கள்.

அடுத்தது, பதிவின் முகவரியைப் பாருங்கள். தலைப்பு முழுக்கத் தமிழில் இருந்தால் பிளாக்கர் தமிழ் எழுத்துகளை விட்டுவிட்டு 'பிளாக் போஸ்ட்' என்பதோடு ஓர் எண்ணை ஒட்டி முகவரி ஆக்கிவிடும். வெளியிடும் முன் வலது பக்கம் 'நிரந்தர இணைப்பு' என்று இருக்கும் இடத்தில் ஊர்ப் பெயரை ஆங்கில எழுத்தில் நீங்களே அடித்துவிடலாம். ஏற்கெனவே வெளியானவற்றைத் தொட வேண்டாம், பகிர்ந்த இணைப்பெல்லாம் அறுந்துபோகும். வேர்ட்பிரஸ் என்கிற இன்னொரு வலைப்பூ சேவையில் தமிழ் முகவரி நிற்கும். ஆனால் வாட்ஸ்அப்பில் ஒட்டினால் ஒவ்வொரு எழுத்தும் ஒன்பது அல்லது அதற்கு மேற்பட்ட குறிகளாக விரிந்து பாதித் திரையை அடைத்துக்கொள்ளும். ஆங்கில எழுத்தே நல்லது. இதனால் மட்டும் கூட்டம் வந்துவிடாது, ஆனால் அனுப்புவதற்குச் சௌகரியம்.

நரிமேட்டு_அக்கா:

தம்பி, உங்கள் தலைப்பு அழகாக இருக்கிறது. ஆனால் அந்தச் சொற்களைப் போட்டு யாராவது தேடுவார்களா? மாங்குளம் மலைக்குப் போக நினைப்பவர் என்ன கேட்பார்? மீனாட்சிபுரத்திலிருந்து எந்தப் பக்கம் ஏறுவது, குடிக்கத் தண்ணீர் கிடைக்குமா, குழந்தையைக் கூட்டிப் போகலாமா, கல்வெட்டு எந்தக் குகையில் இருக்கிறது. 'மாங்குளம் தமிழிக் கல்வெட்டு: மீனாட்சிபுரத்திலிருந்து மலை ஏறும் வழி' என்று வையுங்கள். மலையை ஓவாமலை என்றும் சொல்கிறார்கள், கழுகுமலை என்றும் சொல்கிறார்கள். முதல் பத்தியிலேயே எல்லாப் பெயரையும் எழுதிவிடுங்கள். ஒவ்வொருவர் ஒவ்வொரு பெயரில் தேடுவார்கள்.

மாங்குளம் கல்வெட்டை 1882-இல் ராபர்ட் சீவெல் கண்டறிந்தது, 1924-இல் கே.வி. சுப்பிரமணிய ஐயர் அந்த எழுத்து எழுதப்பட்டது தமிழில்தான் என்று காட்டியது, பாண்டிய மன்னன் நெடுஞ்செழியன் பெயர் அதில் வருவது, இதெல்லாம் பல இடங்களில் படிக்கக் கிடைக்கும். அவசியம் எழுதுங்கள், ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள். எந்த நேரத்து வெயிலில் எழுத்து கண்ணுக்குத் தெரிகிறது, எந்தப் பாறை வழுக்கும், ஆடு மேய்க்கிற பெரியவர் அந்தப் படுக்கைகளை என்ன பெயர் சொல்லி அழைக்கிறார் என்பதெல்லாம் வாராவாரம் போகிற உங்களைப் போன்றவர்களுக்குத்தான் தெரியும்.

அரிட்டாபட்டியைப் பற்றி நான் முன்பு எழுதிய பதிவு ஒன்று யாரும் சீண்டாமல் கிடந்தது. 2024 கடைசியில் அந்தப் பகுதியில் டங்ஸ்டன் சுரங்கம் அமைக்க ஏலம் விட்ட செய்தி வந்து, அதை எதிர்த்து மேலூரே திரண்டபோது, வெளியூர் ஆட்கள் அந்தப் பதிவைத் தேடி வந்து படித்தார்கள். 2022-இல் அது பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டதும், குடைவரைக் கோயிலும், மலையைச் சுற்றியுள்ள நீர்நிலைகளும் ஊர்ப் பெயரோடு அதில் இருந்தன. 2025 ஜனவரியில் ஏலத்தை மத்திய அரசு ரத்து செய்தது வரைக்கும் கேள்வி கேட்டுக் கடிதம் வந்துகொண்டே இருந்தது. ஆள் வராத காலத்திலும் நம் ஊரை எழுதி வைக்கத்தான் வேண்டும் தம்பி. எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

மேலூர்_மலையன்:

ரொம்ப நன்றி அக்கா, நன்றி அண்ணே. முகவரியைப் பார்த்தேன், நீங்கள் சொன்ன மாதிரிதான் எண்ணோடு நிற்கிறது. படங்களை என்ன செய்வது? அப்புறம் அந்தக் காசு விஷயம்?

யானைமலை_நிழல்:

படத்துக்கு நான் சொல்கிறேன். கைபேசியில் எடுத்த படம் ஒவ்வொன்றும் நாலைந்து எம்பி இருக்கும். அகலத்தை 1200 பிக்சலுக்குக் குறைத்து ஏற்றினால் சில நூறு கேபிதான் வரும், கல்வெட்டு எழுத்தும் தெளிவாகவே தெரியும். ஒரு பதிவில் ஆறேழு படத்துக்கு மேல் வேண்டாம்.

எழுத்துக்கு நேராக ஃபிளாஷ் அடித்தால் பாறை வெளுத்து எழுத்து மறைந்துவிடும். டார்ச்சைப் பாறையோடு ஒட்டினாற்போலப் பக்கவாட்டில் பிடியுங்கள். பள்ளத்தில் நிழல் விழுந்து ஒவ்வொரு கோடாக எழும்பி வரும். சுண்ணக்கட்டி தேய்த்துப் படம் எடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், வயிறு எரிகிறது. இரண்டாயிரம் வருஷம் தாண்டி நிற்கிற எழுத்து அது. தேய்க்காதீர்கள் என்று உங்கள் பதிவிலேயே எழுதுங்கள்.

திருட்டுக்கு வருவோம். முதலில் அந்தப் பக்கத்துக்குத் தன்மையாக ஒரு செய்தி அனுப்பி, பெயரும் இணைப்பும் போடச் சொல்லுங்கள். ஊர்க்காரர்கள் என்றால் பெரும்பாலும் கேட்பார்கள். கேட்கவில்லை என்றால் பதிப்புரிமைப் புகார்ப் படிவம் இருக்கிறது. படம் உங்களுடையது என்று காட்டக் குறைக்காத மூலப் படம் உதவும், அழித்துவிடாதீர்கள். இனிமேல் ஓரத்தில் சின்னதாகப் பெயர் போட்டே ஏற்றுங்கள், எழுத்தின் மேல் மட்டும் வேண்டாம்.

திருநகர்_வாசி:

காசைப் பற்றி வீட்டில் உள்ளதைச் சொல்லிவிடுங்கள். வலைப்பூவில் விளம்பரம் போட்டுப் பணம் தரும் கூகுளின் ஆட்சென்ஸ் 2018-லிருந்து தமிழை ஏற்கிறது. ஆனால் கணக்கில் 100 டாலர் சேர்ந்தால்தான் பணம் வரும். கல்வெட்டு எழுதும் வலைப்பூவில் அது சேர ரொம்ப காலம் ஆகும். வருமானத்தை நம்பிக் கடன் வாங்கி லேப்டாப் எடுக்காதீர்கள்.

சொந்தப் பெயரில் இணைய முகவரி (டொமைன்) வாங்கலாம், பிளாக்கரோடு இலவசமாகவே இணைத்துக்கொள்ளலாம். முதல் வருஷ விலையைப் பார்க்காதீர்கள், புதுப்பிக்கிற விலையைப் பாருங்கள். உங்கள் மின்னஞ்சலில்தான் பதிவு செய்ய வேண்டும். எனக்குத் தெரிந்த ஒருவருக்கு நண்பர் வாங்கிக் கொடுத்தார். நண்பர் வெளிநாடு போனார், புதுப்பிக்கச் சொல்லி வந்த கடிதத்தை யாரும் பார்க்கவில்லை, முகவரி கைமாறிப்போனது.

மேலூர்_மலையன்:

சரி அண்ணே, அதை மெதுவாகப் பார்க்கிறேன். ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. வெளியான பதிவின் தலைப்பை மாற்றினால் பழைய இணைப்பு போய்விடுமா?

திருநகர்_வாசி:

போகாது தம்பி. தலைப்பு மட்டும்தான் மாறும், முகவரி அப்படியே இருக்கும். தைரியமாக மாற்றுங்கள். மாற்றிய பிறகு சர்ச் கன்சோலில் அந்த முகவரியை அடித்து மறுபடி பார்க்கச் சொல்லி ஒரு கோரிக்கை கொடுத்துவிடுங்கள்.