புதுப்பிப்பு: மகளுக்கு முதல் கார் வாங்கியாச்சு

18 வயசு மகளுக்கு முதல் கார் புதுசா சின்னதா எடுக்கலாமா, இல்ல பழசே கொஞ்சம் பெருசா எடுக்கலாமான்னு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. எடுத்தது பழைய நடுத்தர செடான்.

கைகொடுத்தது ஒருத்தர் சொன்ன யோசனைதான்: இஎஸ்சி, பக்கவாட்டு ஏர்பேக் ரெண்டுல எது இல்லேன்னாலும் அந்த வண்டியை முதல்லயே பட்டியல்ல இருந்து அடிச்சிடுங்க, விலை அப்புறம். (வண்டி வழுக்கினா தேவையான சக்கரத்துக்கு மட்டும் பிரேக் போட்டுத் திசையைக் காப்பாத்துறது இஎஸ்சி.) பதினொரு வண்டி மூணாச்சு. காப்பீட்டுக்குக் கட்ட வேண்டிய தொகையை முன்னாடியே விசாரிச்சதுல டர்போ (இன்ஜினுக்குக் கூடுதல் சக்தி தர்ற அமைப்பு) வண்டியும் கழண்டுச்சு.

மீதி ரெண்டுல எனக்குப் பிடிச்சதை மகள் ஓட்டிப் பார்த்தா. பின்தூண் (பின்பக்கக் கண்ணாடிகளுக்கு நடுவுல கூரையைத் தாங்குறது) தடிமன், ரிவர்ஸ்ல பின்னாடி நின்ன சைக்கிளே அவ கண்ணுக்குத் தெரியல. எனக்கு மனசே இல்ல, ஆனா விட்டுட்டோம்.

எடுத்த இன்னொரு வண்டியில எதிர்பாராதது டயர். பட்டன் (தரையில படுற வரிப்பள்ளம்) ஆழமா, பளபளன்னு இருந்துச்சு. பக்கச்சுவர்ல பார்த்தா 1216, அதாவது 2016ல 12ஆவது வாரம் தயாரானது! ஓரத்துல மயிரிழை வெடிப்பு வேற. ஸ்டெப்னியும் அதே வயசு. அதைக் காட்டி விலையைக் குறைச்சு, அஞ்சையும் மாத்திட்டோம்.

இப்போ மூணு வாரமா ஓட்டுறா. பக்கத்து சீட்டுல நான்தான் இல்லாத பிரேக்கை மிதிச்சுக்கிட்டிருக்கேன்.