பர்னர் பற்றிய சில வினாடியில் அணைந்து லாக்அவுட் ஆகிறது (பவுடர் கோட்டிங் ஓவன், பீன்யா)

பீன்யா பட்டறை:
வணக்கம். பெங்களூரு பீன்யாவில் சின்னதாக பவுடர் கோட்டிங் பட்டறை (இரும்புச் சாமானில் பெயிண்ட் பவுடர் தூவி ஓவனில் சுட்டெடுக்கும் வேலை) நடத்துகிறேன். ஓவனுக்கு எல்பிஜி பர்னர், 19 கிலோ கமர்ஷியல் சிலிண்டர்கள். ப்ளோயர் ஓடுகிறது, தீப்பொறி வருகிறது, நெருப்பும் நீலமாக நன்றாகப் பற்றுகிறது. நாலைந்து வினாடியில் வால்வு மூடிக்கொண்டு, பர்னர் தானாகவே பூட்டிக்கொள்கிறது (லாக்அவுட்), சிவப்பு விளக்கு எரிகிறது. ரீசெட் அழுத்தினால் மறுபடி அதே கதை. சில நாள் பிரச்சினையே இல்லாமல் மாலை வரை ஓடுகிறது. நேற்று கரண்ட் போய் வந்த குழப்பத்தில் ஒரு லோடு கிரில் கேட் பாதி வேகலில் நின்றுவிட்டது. மெக்கானிக் கன்ட்ரோலரையே மாற்றச் சொல்கிறார், விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. வேறு காரணம் இருக்குமா?

ஓசூர் பர்னர் சர்வீஸ்:
முதலில் ரீசெட்டை விடாமல் அழுத்துவதை நிறுத்துங்கள் சார். ஒவ்வொரு தடவையும் எரியாத கேஸ் கொஞ்சம் உள்ளே போகும். எல்பிஜி காற்றைவிடக் கனம், ஓவன் அடியில் தேங்கும். கதவைத் திறந்து, ப்ளோயர் காற்றை நன்றாக வெளியே தள்ளிய பிறகுதான் அடுத்த முயற்சி.

பற்றிய பிறகு அணைவதால் கேஸையும் தீப்பொறியையும் சந்தேகப்பட வேண்டாம். நெருப்பு இருப்பது கன்ட்ரோலருக்குத் தெரியவில்லை. நெருப்பு இருப்பதை கன்ட்ரோலருக்குச் சொல்லும் கம்பியான ஃப்ளேம் ராடைக் கழற்றி மெல்லிய ஸ்டீல் உல்லால் துடையுங்கள், உப்புத்தாள் வேண்டாம். ராடைப் பிடித்திருக்கும் பீங்கானில் விரிசல் இருக்கிறதா என்றும் பாருங்கள். சரியாக வராவிட்டால் ராடு வயரில் மீட்டரைத் தொடராகப் போட்டு மைக்ரோ ஆம்பியர் அளந்து சொல்லுங்கள்.

பீன்யா பட்டறை:
துடைத்தாயிற்று அண்ணா. காலையில் அளந்தபோது 6 மைக்ரோ ஆம்பியர், ஆடாமல் நின்றது, ஓவனும் ஓடியது. மதியம் அளந்தால் கிட்டத்தட்ட பூஜ்யம். அதே ராடு, அதே வயர், அதே நெருப்பு!

ராஜாஜிநகர் எலக்ட்ரீஷியன்:
மதியம் ஓடியது கரண்டிலா, ஜெனரேட்டரிலா?

பீன்யா பட்டறை:
ஜெனரேட்டரில்தான். அணைந்த நாள்களை யோசித்தால் எல்லாமே கரண்ட் போன நாள்கள் மாதிரித்தான் இருக்கிறது.

ராஜாஜிநகர் எலக்ட்ரீஷியன்:
அப்படியென்றால் கன்ட்ரோலரில் கை வைக்காதீர்கள். ராடிலிருந்து கிளம்பும் சின்ன மின்சாரம் நெருப்பு வழியாக பர்னர் பாடிக்கு வந்து, எர்த் வழியாக நியூட்ரலுக்குத் திரும்ப வேண்டும். கரண்டில் ஓடும்போது நியூட்ரல் டிரான்ஸ்ஃபார்மரில் எர்த் ஆகியிருக்கும், வழி கிடைக்கும். சின்ன ஜெனரேட்டர்கள் பலவற்றில் நியூட்ரலை எர்த் செய்யாமல் மிதக்க விட்டிருப்பார்கள். மோட்டாரும் லைட்டும் அதைக் கண்டுகொள்ளாது, பர்னர் மட்டும் முரண்டு பிடிக்கும்.

ஜெனரேட்டரில் ஓடும்போது நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே வோல்ட் பாருங்கள். கரண்டில் ஓரிரு வோல்ட்தான் காட்டும்.

பீன்யா பட்டறை:
110 காட்டுகிறது. பேஸ், எர்த் நடுவிலும் ஏறக்குறைய அதேதான். பேனலிலேயே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு வயரால் இணைத்துவிடலாமா?

ராஜாஜிநகர் எலக்ட்ரீஷியன்:
ஐயோ, வேண்டாம். கரண்ட் திரும்பி வந்ததும் நியூட்ரல் மின்சாரம் எர்த் வயரிலும் பாயும், ஓவன் பாடியைத் தொடுகிறவருக்கு ஆபத்து. லைசென்ஸ் உள்ளவரை வைத்து ஜெனரேட்டர் பக்கத்திலேயே நியூட்ரலுக்கு எர்த் போடுங்கள், கரண்டுக்கும் ஜெனரேட்டருக்கும் மாற்றும் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் நியூட்ரலையும் சேர்த்து மாற்றுகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். அது முடியாவிட்டால் பர்னர் கன்ட்ரோலுக்கு மட்டும் தனி ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் (உள்ளே வரும் வயருக்கும் வெளியே போகும் வயருக்கும் நேரடித் தொடர்பு இல்லாதது) போட்டு, அதன் வெளியீட்டில் ஒரு முனையை எர்த் செய்து நியூட்ரலாக வைத்துக்கொள்ளலாம்.

சிவாஜிநகர் பேக்கரி:
நடுவில் புகுகிறேன். எங்கள் ரொட்டி அடுப்பு கரண்டில் ஓடும்போதே, அதுவும் ஒரு மணி நேரம் நன்றாக எரிந்த பிறகு அணைகிறது. இதே எர்த்தா?

ஓசூர் பர்னர் சர்வீஸ்:
உங்களுடையது வேறு. அணையும்போது சிலிண்டரைத் தொட்டுப் பாருங்கள். கீழ்ப்பாதி பனி பூத்திருந்தால், உள்ளே திரவம் ஆவியாகும் வேகத்தைவிட அதிகமாக கேஸ் இழுக்கிறீர்கள், பிரஷர் விழுகிறது. இன்னும் சிலிண்டர்களைச் சேர்த்து ஒன்றாகத் திறந்து வையுங்கள். வெந்நீர் ஊற்றுவது, அடியில் அடுப்பு வைப்பது எல்லாம் கூடவே கூடாது.

பீன்யா பட்டறை:
ஜெனரேட்டர் நியூட்ரலுக்கு எர்த் போட்டாயிற்று. ஜெனரேட்டரிலும் இப்போது 6 மைக்ரோ ஆம்பியர் நிற்கிறது, ஓவன் 190 டிகிரி பிடித்து ஓடுகிறது. கன்ட்ரோலர் வாங்கவில்லை. இருவருக்கும் நன்றி.