பண்டிகை முடிந்ததும் சீரியல் லைட், தோரணம் எல்லாம் எப்படி எடுத்து வைக்கிறீர்கள்?

மின்மினி:

பண்டிகை முடிந்து அலங்காரம் எல்லாம் கழற்றியாயிற்று. ஒரே பெட்டியில் போட்டுப் பரணில் ஏற்றுவதுதான் எங்கள் வீட்டு வழக்கம். ஆனால் இந்த முறை இறக்கியபோது பார்த்ததை நினைத்தால் மறுபடி அப்படி வைக்க மனசு வரவில்லை. ஒயர் சிக்கு எப்போதும் இருப்பதுதான். தெர்மாகோல் நட்சத்திரத்தின் மேல் ஒயர் கிடந்த இடமெல்லாம் சூடு போட்டதுபோலக் குழிந்து, ஒயரும் அதோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பரணில் அவ்வளவு சூடு ஏறுமா? பேட்டரியில் எரியும் சின்னச் சரத்தின் மூடியைத் திறந்தால் உள்ளே வெள்ளைப் பொடி. கண்ணாடி உருண்டைகளைத் தொங்கவிடக் கட்டியிருந்த ரப்பர் பேண்ட் பிசுபிசுத்துப் போயிருந்தது. எல்லாம் பிள்ளைகள் ஆசையாய்ப் பொறுக்கியவை. அடுத்த பண்டிகைக்கு அப்படியே கிடைக்க என்ன செய்ய வேண்டும்?

ஒயர்க்காரன்:

மேடை, பந்தல் விளக்கு வேலை பார்ப்பவன் நான். எல்லாரும் சிக்கைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். சிக்கைப் பொறுமையாக உட்கார்ந்தால் பிரித்துவிடலாம். பெட்டிக்குள் எது எதைத் தொட்டுக்கொண்டு மாதக்கணக்கில் கிடக்கிறது என்பதுதான் பொருளைக் கெடுக்கிறது. நீங்கள் சொன்னதில் பாதிக்கு மேல் அந்த வகைதான்.

தெர்மாகோல் குழிந்தது சூட்டால் இல்லை. ஒயரின் மேலுறை பி.வி.சி. அது வளைந்துகொடுப்பதற்காக எண்ணெய் மாதிரியான ஒன்றை அதில் கலக்கிறார்கள், பிளாஸ்டிசைசர் என்பார்கள். அது உறையிலிருந்து மெல்ல மெல்லக் கசியும். தெர்மாகோல் என்பது பாலிஸ்டைரீன். அதன்மேல் இது பட்டால் இளகிப் பள்ளம் விழும். சூடு அந்த வேலையைக் கொஞ்சம் வேகப்படுத்தும், அவ்வளவுதான். நஷ்டம் ஒயருக்கும் உண்டு. எண்ணெய் வெளியேறிய இடத்தில் உறை விறைத்துவிடும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஒட்டியிருந்த பகுதியை மெல்ல வளைத்துப் பாருங்கள். மயிரிழை வெடிப்பு தெரிந்தாலும் அந்தச் சரத்தை மின்சாரத்தில் மாட்டாதீர்கள். டேப் சுற்றி ஒப்பேற்றவும் வேண்டாம், பிள்ளைகள் கை வைக்கிற பொருள். இனி ஒயர் ஒரு பெட்டி, தெர்மாகோல் ஒரு பெட்டி. பூச்சிக்கு என்று அந்துருண்டை போடுவீர்களானால் தெர்மாகோல் பெட்டியில் கட்டாயம் வேண்டாம். அதன் ஆவியும் பாலிஸ்டைரீனை இளக்கும்.

வெள்ளைப் பொடி பேட்டரி கசிந்ததால் வந்தது. ஆல்கலைன் பேட்டரிக்குள் இருப்பது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, தோலை அரிக்கும் காரம். கையுறை போட்டுக்கொண்டு பேட்டரியை எடுத்துவிடுங்கள். பஞ்சுக்குச்சியில் வினிகரோ எலுமிச்சைச் சாறோ தொட்டு ஸ்பிரிங்கையும் தகட்டையும் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, உப்புத்தாளால் லேசாகத் தேயுங்கள். தகடு முழுக்க அரித்துப்போகாமல் இருந்தால் சரம் மறுபடி எரியும். எடுத்து வைக்கும்போது பேட்டரி புதிதாக இருந்தாலும் கழற்றித் தனியாக வைப்பதுதான் சரி.

சுற்றுவதற்கு ஒரு தடித்த அட்டை போதும். இரண்டு பக்கமும் சின்னதாக வெட்டுவிட்டு, பிளக் இல்லாத முனையை முதல் வெட்டில் செருகித் தட்டையாகச் சுற்றிக்கொண்டே வாருங்கள். கடைசியில் பிளக் வெளியே நிற்கும். அடுத்த முறை சுற்றைப் பிரிக்காமலேயே ஒரு நொடி போட்டு எரிகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். சுற்றியபடியே எரியவிட்டுப் போய்விடக் கூடாது, சூடு சேரும். இறுக்கியும் சுற்றாதீர்கள். பல்பு காம்பில் ஒயர் நுழைகிற இடம்தான் முதலில் அறும். முழங்கைக்கும் உள்ளங்கைக்கும் இடையே சுற்றினால் ஒவ்வொரு சுற்றிலும் ஒயர் ஒரு முறுக்கு வாங்கும். அதை நான் யாரையும் செய்ய விடமாட்டேன்.

திரிவிளக்கு:

ஒயர்க்காரன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். பழைய இழை பல்புச் சரமாக இருந்தால், அணைந்துபோன பல்பை மாற்றிவிட்டு உள்ளே வையுங்கள். அந்தச் சின்ன பல்புக்குள் ஒரு மாற்றுக் கம்பி உண்டு. இழை அறுந்தாலும் அது வழியாக மின்சாரம் போய் மற்றவை எரியும். ஆனால் போன பல்பின் பங்கு வோல்டேஜை மிச்சம் உள்ளவை பிரித்துக்கொள்ளும். அவையும் சீக்கிரம் போகும். ‘ஒன்றுதானே’ என்று விட்டால் ஒரு வரிசையே போய்விடும்.

அப்புறம், வெளியில் தொங்கியவற்றைக் காயவைக்காமல் பிளாஸ்டிக் டப்பாவில் அடைக்காதீர்கள். ஈரம் உள்ளேயே நின்று, தாமிரம் பச்சை பூத்துவிடும். சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டு வைப்பது நல்லது.

நாடோடி:

எலி வருகிற வீடானால் அட்டைப்பெட்டியை மறந்துவிடுங்கள், மூடி இறுகுகிற டப்பாதான். சோலார் சரம் வைத்திருப்பவர்கள் வெயிலில் நன்றாக சார்ஜ் ஏற்றி, சுவிட்சை அணைத்துவிட்டு வையுங்கள். உள்ளே இருக்கும் நிக்கல் பேட்டரி சும்மா கிடந்தாலும் இறங்கும்.

மின்மினி:

ரொம்ப நன்றி. வளைத்துப் பார்த்தேன், இரண்டு இடத்தில் வெடிப்பு இருக்கிறது. அந்தச் சரத்தை ஒதுக்கிவிட்டேன். பேட்டரிச் சரம் துடைத்ததும் எரிகிறது! கண்ணாடி உருண்டையில் ஒட்டிய ரப்பரை ஸ்பிரிட் வைத்துத் துடைக்கலாமா?

ஒயர்க்காரன்:

வேண்டாம். நிறம் வெளிப்பூச்சாக இருந்தால் ஸ்பிரிட் அதைத் தூக்கிக்கொண்டு வந்துவிடும். தண்ணீரும் வேண்டாம், உள்பக்கம் வெள்ளி பூசியிருந்தால் ஈரம் பட்டுக் கறுக்கும். பெரும்பாலும் ரப்பர் மேலே உள்ள உலோகத் தொப்பியில்தான் பிடித்திருக்கும். தொப்பிக்குள் கம்பி வளையம் இருக்கும். அதன் இரண்டு காலையும் விரலால் நெருக்கிப் பிடித்துத் தூக்கினால் தொப்பி தனியாக வந்துவிடும். கண்ணாடியின் கழுத்து மிக மெல்லியது, உருண்டையை இறுக்கிப் பிடிக்காதீர்கள். தொப்பியைத் தனியே சுத்தம் செய்து, நன்றாகக் காயவைத்துத் திரும்ப மாட்டி, பருத்தி நூல் கட்டுங்கள். ரப்பரில் கந்தகம் இருக்கிறது, அது வெள்ளிப் பூச்சையும் கறுக்கவைக்கும். ஒவ்வொரு உருண்டையையும் வெள்ளை டிஷ்யூ தாளில் சுற்றி வையுங்கள். செய்தித்தாள் மை ஒட்டும்.