சாம்பல் நிற வெள்ளீயம்: என்ன சொல்லலாம்?

மதுரை, மொழிபெயர்ப்பாளர்:
வணக்கம் நண்பர்களே. பதினோராம் வகுப்புத் துணைநூலுக்காகக் கார்பன் தொகுதிப் பாடத்தைப் பெயர்க்கிறேன். திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. கார்பன், சிலிக்கன், ஜெர்மானியம் வரை தடையில்லை. 50ஆம் தனிமமான வெள்ளீயத்தில் நின்றுவிட்டேன். அதற்கு இரண்டு புறவேற்றுமை வடிவங்கள், அதாவது ஒரே தனிமம் அணு அடுக்கில் மட்டும் வேறுபட்டு எடுக்கும் வடிவங்கள். 13.2 டிகிரி செல்சியஸுக்கு மேல் நிலையானது வெள்ளை, கீழே சாம்பல். பெயரிலேயே வெண்மை இருக்கும்போது 'சாம்பல் வெள்ளீயம்' என்று எப்படி எழுதுவது? அப்படி மாறும்போது உலோகம் பொடியாக உதிர்கிறது. அதற்கும் ஒரு சொல் வேண்டும்.

தஞ்சாவூர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
ஐயா, 'வெள்' இங்கே நிறம் குறித்ததுதான். வெள்ளீயம், காரீயம் (கருமை + ஈயம்) என்று ஓர் இணை. முதல் நூற்றாண்டில் ரோம எழுத்தாளர் பிளினியும் வெள்ளை ஈயம், கறுப்பு ஈயம் என்றே இலத்தீனில் எழுதினார். ஈ என்னும் வினையே ஈயத்துக்கு வேர் என்பது என் துணிபு: சூட்டுக்கு எளிதில் தன்னை ஈவது. வெள்ளீயத்தை விடாதீர்கள். வேண்டுமானால் 'வங்கம்' எடுத்தாளுங்கள்.

யாழ்ப்பாணம், இரசாயனவியல் ஆசிரியர்:
வங்கம் சங்கப்பாட்டில் கப்பலும் ஆகும், ஐயா. பிள்ளைகள் குழம்புவார்கள். காரீயத்தையும் இழுக்க வேண்டாம். இங்கே இலங்கையில் காரீயச் சுரங்கம் என்றால் போகலவில் கிராஃபைட் எடுக்கும் சுரங்கம். அப்புறம், நீங்கள் புறவேற்றுமை வடிவம் என்பதை நாங்கள் பிறதிருப்பம் என்கிறோம். அடிக்குறிப்பில் அதையும் சேருங்கள்.

சென்னை, மென்பொருள் பணி:
'தகரம்' போதாதா? எல்லாருக்கும் தெரிந்த சொல்.

கும்பகோணம், கல்லூரி விரிவுரையாளர்:
தம்பி, தகரம் என்றால் இன்று கூரைத்தகடுதான் நினைவுக்கு வரும். அது பெரும்பாலும் துத்தநாகம் பூசிய இரும்பு. என் வகுப்பில் ஈயச்சொம்பைத்தான் காட்டுகிறேன். பெயர் ஈயம், பொருள் வெள்ளீயம். ரசத்தை ஊற்றிய பிறகே அடுப்பில் வைக்க வேண்டும். 232 டிகிரியில் உருகிவிடும். அம்மாவின் பழைய சொம்பில் ஒரு பக்கம் வழிந்து மெழுகு போல உறைந்திருக்கிறது. "ஊட்டியில் வைத்தால் உதிருமா மேடம்?" என்று ஒரு மாணவி கேட்டாள். உதிராது. மாற்றம் விரைவாக நடக்கப் பூஜ்யத்துக்கு வெகு கீழே போக வேண்டும். அப்போது அணுக்கள் வைரத்தின் அமைப்புக்கு மாறுகின்றன, அடர்த்தி 7.3இலிருந்து 5.8 ஆகக் குறைகிறது. கால் பங்குக்கு மேல் உப்பினால் உலோகம் தாங்குமா? வெடித்து மாவாகிறது. உளுத்த உத்தரத்தைத் தட்டினால் கொட்டுமே, அதே மாதிரி. 'வெள்ளீய உளுப்பு' என்று வைக்கலாமே!

தஞ்சாவூர்:
உளுப்பது புழுவால், அம்மா. இங்கே புழு எங்கே? 'உதிர்வு' போதும்.

கும்பகோணம்:
ஜெர்மானியர் கொள்ளைநோய் என்கிறார்கள், ஐயா. அங்கே மட்டும் கிருமி இருக்கிறதா? உதிர்வது இலையும் முடியும்தான். உள்ளிருந்து அரித்துக்கொண்டு வருவதைச் சொல்ல உளுப்பை விட்டால் வேறு சொல் எனக்குத் தெரியவில்லை.

யாழ்ப்பாணம்:
உளுப்புக்கு என் ஆதரவு. நிறத்தை விட்டு, சாம்பலை ஆல்பா, வெள்ளையைப் பீட்டா என்று எழுதினால் முதல் சிக்கலும் தீரும்.

மதுரை:
சரி, நேரமாகிவிட்டது. 'ஆல்பா வெள்ளீயம் (சாம்பல் நிறம்)', 'வெள்ளீய உளுப்பு' என்று அனுப்புகிறேன். நால்வர் ஒப்பினார்கள்.

தஞ்சாவூர்:
அனுப்புங்கள். உளுப்பை நான் ஒப்பவில்லை. அடுத்த பதிப்புக்கு முன் மறுபடியும் எழுதுவேன்.